மிட்லேண்ட்ஸ் பண்ணை உணவகத்தில் கல்யாணமா? நாதஸ்வரக்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாதஸ்வரம் வாசிப்பது என் தொழில். முன்பெல்லாம் கல்யாணம் என்றால் கோயில் மண்டபம், இல்லையென்றால் டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு சமூகக் கூடம். இப்போது மிட்லேண்ட்ஸ் என்கிற மேட்டுப் பகுதியில், ஹோவிக், நாட்டிங்ஹாம் ரோடு ஊர்கள் பக்கம் மலைச்சரிவில், குளத்தைப் பார்த்தபடி இருக்கும் உணவகங்களைப் பிடிக்கிறார்கள். இடம் அழகுதான், படமும் நன்றாக வரும். ஆனால் முன்பணம் கட்டிய பிறகுதான் மேளத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் வரும் கேள்விகளும் ஒரே மாதிரி இருக்கின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து குடியேறியவர்களும், அங்கிருந்து சம்பந்தம் செய்பவர்களும் தமிழில் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

இடம் பார்க்கும்போதே மேளக்காரரிடம் ஏன் கேட்க வேண்டும்? அது சாப்பாட்டுக்காரர், பூக்காரர் மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லையா?

இல்லை. மேளம் சடங்கோடு கூடவே போகிறது. குருக்கள் கை காட்டும் அந்த விநாடியில் கெட்டிமேளம் விழ வேண்டும். அதற்கு அவர் கை எங்களுக்குத் தெரிய வேண்டும், எங்கள் சத்தம் அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும், அந்த நேரத்தில் வேறு சத்தம் குறுக்கே வரக் கூடாது. கல்யாண மண்டபம் இதையெல்லாம் மனதில் வைத்துக் கட்டப்பட்டது. உணவகம் நாற்பது மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதற்காகக் கட்டப்பட்டது. நடுவில் தூண் இருக்கும், ஒரு பக்கம் பார் இருக்கும், மணமேடை என்று ஒன்றே இருக்காது. இதில் எதையும் கடைசி வாரத்தில் மாற்ற முடியாது. இடம் பார்க்கப் போகும்போது எங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால், நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டி, அதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எந்த மாதிரிக் கட்டடம் மேளத்துக்கு நல்லது?

இந்தப் பக்கத்து உணவகங்களில் பெரும்பாலும் மூன்று வகை பார்க்கலாம்.

புல் வேய்ந்த கூரை இருக்கும் இடம் காதுக்கு மிக நல்லது. புல் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். தவில் எதிரொலிக்காது, நாதஸ்வரத்தின் கூர்மையும் கொஞ்சம் தணியும். ஓமம் வளர்ப்பதில் மட்டும் சிக்கல், அதைக் கீழே சொல்கிறேன்.

கல் சுவரும், குளத்தைப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவும், சிமெண்ட் தரையும் இருக்கும் இடம்தான் எங்களுக்குப் பயம். படத்தில் பிரமாதமாக இருக்கும். உள்ளே இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் சேர்ந்தால் சத்தம் சுவருக்குச் சுவர் பாய்ந்து, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நாதஸ்வரம் கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் செய்த வாத்தியம். தாழ்ந்த கூரையும் கண்ணாடியும் உள்ள அறைக்குள் அதை மெதுவாக வாசிக்கச் சொன்னால், அது நாதஸ்வரமாகவே இருக்காது. இப்படிப்பட்ட இடம்தான் பிடித்திருக்கிறது என்றால், கதவுகளை முழுக்கத் திறந்துவைத்து எங்களை வெளித்திண்ணையில் உட்கார வையுங்கள். கனத்த திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம், அப்புறம் ஆட்கள் நிறைந்த நாற்காலிகள், இந்த மூன்றும் நிறைய உதவும். காலியான கூடத்தில் ஒத்திகை பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஆட்கள் வந்தால் பாதி எதிரொலி அடங்கிவிடும்.

மூன்றாவது பழைய பண்ணைக் கொட்டகை. தகரக் கூரை. மழை இல்லாத நாளில் நன்றாகத்தான் இருக்கும். கோடையில், அதாவது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, இங்கே பிற்பகலில் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். தகரத்தின் மேல் அந்த மழை விழுந்தால் குருக்களின் மந்திரம் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. தவில் மட்டும் கேட்கும்.

புல் கூரைக்குக் கீழே ஓமம் வளர்க்கலாமா?

உணவகக்காரர் அநேகமாக ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. புல் கூரைக்குத் தீக் காப்பீடு எடுப்பதே இங்கே பெரிய பாடு. அதற்குக் கீழே நெய் ஊற்றித் தீ வளர்க்கிறோம் என்றால் காப்பீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். மற்றக் கட்டடங்களில் புகை உணர்த்தும் கருவி இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் அது அலறினால் எந்தக் கெட்டிமேளமும் அதை மூடாது.

ஓமத்தை வெளியே, கூரையிலிருந்து தள்ளி, புல்வெளியில் கல் பரப்பி வைப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எங்களை எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள். நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு மூச்சையும் வயிறு வரை இழுக்கிறார். புகைக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தால் அடுத்த நாள் கோயிலில் அவருக்குத் தொண்டை இருக்காது.

உங்களை எங்கே உட்கார வைக்க வேண்டும்? எவ்வளவு இடம் வேண்டும்?

வழக்கமான குழு என்றால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. சுருதிக்கு ஒரு பெட்டி. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு மேடை, அதில் ஐந்து பேர் சம்மணமிட்டு உட்கார இடம் இருந்தால் போதும். மணமேடைக்குப் பக்கவாட்டில், குருக்களின் முகமும் வலது கையும் தெரியும் கோணத்தில் இருக்க வேண்டும். வீடியோக்காரர் எங்களுக்கும் குருக்களுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. இதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நாங்கள் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

பெரும்பாலான உணவகங்களில் எங்களுக்கென்று காட்டும் இடம், வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை கித்தார்காரர் உட்காரும் மூலை. அது பாருக்குப் பக்கத்தில், சமையலறைக் கதவுக்கு எதிரே இருக்கும். ஒரு கித்தாருக்கு அது சரி. எங்களுக்கு அங்கிருந்து மணமேடையே தெரியாது.

முகூர்த்த நேரத்துக்கும் உணவகத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த உணவகங்களுக்கு நல்ல வியாபாரம். டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் காலைச் சாப்பாட்டுக்கென்றே கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். முகூர்த்தம் காலை 9 மணிக்கு என்றால், முழு இடமும் உங்களுக்கு மட்டுமா, இல்லை ஒரு பாதி மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் முட்டை தின்றுகொண்டு தாலி கட்டுவதைப் பார்ப்பது யாருக்கும் நன்றாயிராது.

இன்னொன்று. ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் நாட்காட்டியைப் பார்த்து நேரம் சொல்லி அனுப்புவார். தென்னாப்பிரிக்க நேரம் இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைக் கழித்தால் மட்டும் போதாது. ராகுகாலம் பகல் பொழுதை எட்டாகப் பிரித்து வருவது. டர்பனில் டிசம்பர் நடுவில் சூரியன் 4:50 வாக்கில் உதித்து 7 மணிக்குச் சற்று முன்புதான் மறையும். அப்போது சனிக்கிழமை ராகுகாலம், நாட்காட்டியில் போட்டிருக்கிற 9 மணிக்குப் பதிலாக 8:20 வாக்கிலேயே தொடங்கிவிடும். ஜூனில் பகல் பத்தேகால் மணி நேரம்தான், கணக்கு வேறு மாதிரி. இங்குள்ள குருக்களிடம் கேட்டு நேரத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு உணவகத்தோடு பேசுங்கள்.

தாலி கட்டும்போது உணவகத்தில் என்ன தொந்தரவு வரும்?

காபி மெஷின். எல்லாவற்றுக்கும் மேலே அதுதான். பாலை நுரைக்க வைக்கும் அந்தச் சீறல், சுருதியோடு எந்த வகையிலும் சேராது. அடுத்து பிளெண்டர், பாட்டில் பெட்டிகளை அடுக்கும் சத்தம், தட்டுகள். கெட்டிமேளத்துக்கு அபசகுனச் சத்தங்களை மூடுவது ஒரு வேலைதான், ஆனால் முன்னும் பின்னும் இருக்கும் மந்திரங்களுக்கு அது உதவாது. மேலாளரிடம் ஒரு பத்து நிமிடம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கேட்டால் எல்லாரும் செய்கிறார்கள். கூரைக்குள் வைத்திருக்கும் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டை எங்கே நிறுத்துவது என்று யாருக்குத் தெரியும், அதையும் கேட்டு வையுங்கள். அந்தப் பெட்டி பூட்டிய அலுவலக அறைக்குள் இருக்கும், சாவி வைத்திருப்பவர் அன்றைக்கு விடுமுறையில் இருப்பார்.

மைக் வேண்டுமா?

நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வேண்டாம். 200 பேர் இருந்தாலும் வேண்டாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். அப்படிக் குறைந்தும் கடைசி வரிசைக்குக் கேட்கும் வாத்தியம் இது. குருக்களுக்குத்தான் மைக் வேண்டும். அதுவும் சட்டையில், இல்லையென்றால் அங்கவஸ்திரத்தில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் நல்லது. மேசையில் நிற்கும் மைக் என்றால் தவில் முழுவதும் அதற்குள் போய், ஸ்பீக்கர் வழியாக மறுபடி வரும். வெளியே என்றால் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம் வேண்டும். மலைக் காற்று சும்மா விடாது.

வீணை, வயலின் வைத்தால் உணவகத்துக்குப் பொருத்தமாக இருக்காதா?

வரவேற்புக்கு அருமையாக இருக்கும். மக்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற இடத்தில் வீணையும் மிருதங்கமும் மெல்லியதாக ஓடினால் உணவகத்துக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. ஆனால் மைக், ஸ்பீக்கர், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் எல்லாம் வேண்டும். தாலி கட்டும்போது மட்டும் மேளம் இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். நான் நாதஸ்வரக்காரன், வேறு எப்படிச் சொல்வேன் என்று நீங்கள் நினைக்கலாம். சரி, நினைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: போடலாம். தாலியின் முடிச்சு சிக்கிக்கொண்டு இன்னும் இரண்டு நிமிடம் ஆனால், ரெக்கார்டு முடிந்துவிடும். நாங்கள் முடிக்க மாட்டோம்.

மின்சாரம் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

2022, 2023இல் இருந்த மாதிரி தினமும் மின்வெட்டு இப்போது இல்லை. 2024 மார்ச் கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில் அது நின்றே இருந்தது. ஆனாலும் மலைப்பகுதியில் இடி விழுந்தாலோ மரம் சாய்ந்தாலோ கரண்ட் போகும், வர நேரமாகும். ஜெனரேட்டர் உண்டா, அது சமையலறைக்கு மட்டுமா, கூடத்துக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். அது எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். மணமேடைக்குப் பின்சுவரில் நிற்கும் ஜெனரேட்டரைவிட இருட்டு மேல்.

சுவர்ப் பிளக் ஒன்றில் 16 ஆம்ப், அதாவது 230 வோல்ட்டில் 3,680 வாட் வரைதான். டீக்குத் தண்ணீர் காய்ச்சும் பெரிய பாத்திரம் ஒன்றே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கரையும் அதையும் ஒரே சர்க்யூட்டில் சொருகினால் ஆசீர்வாதம் நடக்கும்போது கரண்ட் மொத்தமும் போய்விடும். டிபி போர்டை, அதாவது மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியை, திறந்து காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். புல்வெளிக்கு வயர் இழுத்தால், ஈரத்தில் இணைப்பு கிடந்தாலே, மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்துவிடும். விழுவது நல்லதுதான், உயிர் காக்கும் சுவிட்ச் அது. அதைக் கட்டி நிறுத்தி வைக்க யாரையும் விடாதீர்கள். வயர் உருளையை முழுக்கப் பிரித்துப் போட வேண்டும், சுருட்டியபடி விட்டால் சூடேறி உருகும்.

ஊரிலிருந்து வரும் கலைஞர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தியாவின் பெரிய மூன்று முனைப் பிளக் இங்கே அப்படியே பொருந்தும், சின்னது பொருந்தாது. சுருதிப் பெட்டிக்கு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் வாத்தியத்தைப் பாதிக்குமா?

டர்பன் கடலோரத்தில் இருக்கிறது, நாட்டிங்ஹாம் ரோடு 1,400 மீட்டருக்கு மேல். ஒரே நாளில் இரண்டு பருவம் பார்க்கலாம். காற்று குளிர்ந்தால் நாதஸ்வரத்தின் சுருதி இறங்கும். 30 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் இடையே கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி அளவு வித்தியாசம் வரும், மூச்சின் சூட்டில் கொஞ்சம் சரியாகும். வயலின் தந்திகளோ குளிரில் இறுகி எதிர்ப்பக்கம் ஏறும். இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொன்னால் இடையில் நிறுத்திச் சுருதி சேர்க்க நேரம் கொடுங்கள். குளிர்காலக் காற்று உலர்ந்து இருப்பதால் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, காய்ந்து சத்தமே வராமல் போகும். மூடுபனி நாளில் தவில் தோல் தளர்ந்து தொங்கும். எங்களுக்குச் சூடான ஒரு அறை, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக, வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். ஓய்வெடுக்க இல்லை.

மாப்பிள்ளை அழைப்பைப் பண்ணைச் சாலையிலிருந்து மேளதாளத்தோடு நடத்தலாமா?

எங்களுக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது. திறந்த வெளி, நடந்துகொண்டே வாசிப்பது, நாதஸ்வரம் இருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் மிட்லேண்ட்ஸ் குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போன இடம். வேலிக்கு அந்தப் பக்கம் பந்தயக் குதிரை நிற்கும், குட்டிகளோடு நிற்கும் தாய்க் குதிரைகளும் இருக்கும். தவில் சத்தத்தில் அவை மிரண்டு வேலியில் பாய்ந்தால் செலவு கல்யாணச் செலவைத் தாண்டும். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு ஒரு வாரம் முன்பே நேரத்தைச் சொல்லிவிட்டால் குதிரைகளை வேறு பக்கம் மாற்றிவிடுவார். சொன்னால் எல்லாரும் நல்லவர்கள்தான். மாப்பிள்ளையையே குதிரையில் ஏற்ற நினைத்தால், மேளத்துக்குப் பழகிய குதிரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரளைக்கல் பாதையில் செருப்பில்லாமல் நடந்து வாசிக்கச் சொல்லாதீர்கள்.

இரவு எத்தனை மணி வரை வாசிக்கலாம்?

அது உணவகத்தின் உரிமத்தையும் நகராட்சி விதியையும் பொறுத்தது, ஒப்பந்தத்தில் இருக்கும். மேளம் இரவில் தேவைப்படாது, டிஜேதான் பிரச்சினை. மலைப்பகுதியில் சூரியன் மறைந்ததும் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று படர்ந்திருக்கும். அப்போது சத்தம் மேலே போகாமல் வளைந்து பள்ளத்தாக்கோடு போகும். பகலில் கேட்காத பண்ணை வீட்டுக்கு இரவில் ஒவ்வொரு அடியும் கேட்கும். டிஜே தன் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டு, சத்தம் சரிதான் என்பார். ஸ்பீக்கரை மலையைப் பார்த்தும் பள்ளத்தாக்குக்கு முதுகு காட்டியும் வைக்கச் சொல்லுங்கள்.

பதிவுத் திருமணக் கையெழுத்தை அங்கேயே போடலாமா?

இது என் துறை இல்லை, ஆனால் எங்கள் நேரத்தை இது மாற்றுவதால் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டின் 25ஆம் எண் திருமணச் சட்டம், வழிபாட்டுக் கட்டடத்திலோ அரசு அலுவலகத்திலோ தனி வீட்டிலோ, கதவைத் திறந்துவைத்து, இரண்டு சாட்சிகளோடு பதிவுத் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. உணவகம் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் திருமண அதிகாரி இதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று முதலிலேயே கேளுங்கள். முந்தின நாளே வீட்டிலோ கோயிலிலோ முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அங்கேயே வைத்தால், அந்த நேரம் முழுக்க நாங்கள் என்ன வாசிப்பது என்பதையும் சொல்லுங்கள்.

சாம்ரோ கட்டணம் யார் கட்ட வேண்டும்?

பாடல் ஆசிரியர்களுக்காக வசூலிக்கும் உரிமைச் சங்கம் சாம்ரோ. உணவகம் வழக்கமாக இதற்கு உரிமம் வைத்திருக்கும். அது உங்கள் விழாவையும் சேர்த்ததா என்று மேலாளரிடம் கேளுங்கள். ஒரு வரியில் முடிகிற விஷயம்.

உங்களுக்குச் சாப்பாடு?

முகூர்த்தத்துக்கு முன் லேசாக டிபன், முடிந்ததும் சாப்பாடு. வயிறு நிறைய வைத்துக்கொண்டு நாதஸ்வரம் ஊத முடியாது. சைவம்தான். உணவகச் சமையலறை பிராய், அதாவது இங்கத்து முறையில் சுட்ட இறைச்சி, போடும் கிரில்லிலேயே எல்லாவற்றையும் வாட்டும், அதே எண்ணெயில் பொரிக்கும், அதனால் வெளியிலிருந்து சைவச் சமையற்காரர் வந்து சமைக்க அனுமதிப்பார்களா என்று கேட்பது உங்கள் சொந்தக்காரர்களுக்கும் நல்லது. சில உணவகங்கள் வெளிச் சமையலை விடவே மாட்டார்கள். பெரிய குடும்பங்களில் இதனாலேயே வேறு இடம் பார்த்துவிடுவார்கள். எங்கள் சாப்பாட்டை எல்லாருடனும் சேர்த்துப் பந்தியில் போடுங்கள், சமையலறைப் பின்வாசலில் தட்டு நீட்ட வேண்டாம்.

டர்பனிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்?

வரைபடத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்று காட்டும். என்3 சாலையில் லாரிகளும் சாலை வேலையும் உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹில்டன் மேட்டில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் விளக்கே தெரியாது. காலை முகூர்த்தம் என்றால் முந்தின இரவே வந்து தங்குவோம், அதற்கு அறை வேண்டும். மாலை நிகழ்ச்சி முடிந்து இரவில் அந்த மேட்டில் இறங்கச் சொன்னாலும் அறைதான். உணவகத்திலேயே அறை கேட்கவில்லை, பக்கத்து ஊரில் இருந்தாலும் சரி. கடைசி சில கிலோமீட்டர் மண் சாலையாக இருந்தால், மழைக்குப் பிறகு பக்கி, அதாவது பிக்கப் வண்டி, போகும், எங்கள் வேன் போகாது. போன் சிக்னலும் அங்கே போய்விடும், அதனால் வழியைத் தாளில் எழுதி முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.